குடியைக் குறைக்கப் போறீங்களா? முதல் மூன்று நாளைத் தெரிஞ்சுக்கோங்க

கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். வருஷம் முழுக்கக் குடிக்கிறவர்கூட விரத நாட்களில் கடைப் பக்கம் போக மாட்டார். இரண்டு மூன்று வாரம் போனதும், "இப்பதான் நல்லாத் தூக்கம் வருது, நெஞ்செரிச்சலே இல்ல" என்று அவரே சொல்வார். சாமி மேல் இருக்கும் பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். உடம்பிலும் நிஜமாகவே மாற்றம் நடந்திருக்கிறது.

குடித்தால் சீக்கிரம் தூக்கம் வருவது உண்மைதான். ஆனால் போதை இறங்க இறங்க, நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடும். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் காலையில் அசதி போகாததற்குக் காரணம் இதுதான். தினமும் நிறையக் குடிக்கிறவர் குறைத்தால், சில வாரங்களிலேயே ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கும். கல்லீரலில் படிந்த கொழுப்பும், முழுசாக நிறுத்தினால் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் பெருமளவு கரையும். கல்லீரல் சுருங்கிய நிலைக்குப் போய்விட்டால் பழையபடி ஆகாது. அப்போதும் நிறுத்தினால் பாதிப்பு மேலும் முற்றுவதைத் தடுக்கலாம்.

எடை விஷயத்துக்கு வருவோம். 42.8 சதவீதம் என்று லேபிளில் போட்டிருக்கும் ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதிலிருந்து மட்டும் 420 கலோரி, ஏறக்குறைய ஏழெட்டு இட்லி. சைடு டிஷ் கணக்கு தனி! "நான் பீர் மட்டும்தான்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எவ்வளவு குடித்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் தெளிவாகச் சொன்னது. புற்றுநோய் அபாயம்தான் முக்கியக் காரணம். ஆனாலும் குறைக்கிற ஒவ்வொரு கிளாஸும் லாபமே.

எங்கே ஆரம்பிப்பது? உங்க போனிலேயே. பணம் அனுப்பும் ஆப்பில் போன மாதக் கணக்கைத் திறந்து, கடைக்குப் போன தொகையை மட்டும் கூட்டிப் பாருங்க. பிறகு வாரத்தில் எந்தெந்த நாள் குடிப்பதில்லை என்று காலண்டரில் குறித்து வையுங்க. வீட்டில் ஸ்டாக் வைக்காதீங்க.

இதெல்லாம் எப்போதாவது குடிப்பவருக்குச் சரி. காலையில் கை நடுங்குகிறதா? அந்த நடுக்கம் நிற்கவே கொஞ்சம் குடிக்க வேண்டியிருக்கிறதா? அப்படியானால் திடீரென்று நீங்களாகவே நிறுத்தாதீங்க, ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்க.

நம் ஊரில் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் விடுகிறவர்கள் உண்டு. மனசு நல்லதுதான், ஆனால் மூளை ஆல்கஹாலுக்குப் பழகிப்போயிருக்கும். நிறுத்திய முதல் நாளே வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவார், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார். வீட்டில் "காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து இந்த நாட்களைப் பத்திரமாகத் தாண்ட வைப்பார்கள்.

கிளினிக்கில் போய் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பதற்கு முன், குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்க. இவர்களுக்கு வைட்டமின் பி1 ஊசிதான் முதலில் தேவை. அது இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதேபோல, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் மருந்தை வாங்காதீங்க அம்மா. அதில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. சில மருந்துகளோடு அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

யாரிடம் கேட்பது என்று தயங்க வேண்டாம். 14416 டெலி மனஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. போதை மறுவாழ்வுக்கென்றே தேசிய உதவி எண் 14446 இருக்கிறது. தமிழ்நாட்டில் 104-லும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். குடிப்பவர்தான் பேச வேண்டும் என்றில்லை. மனைவியோ மகனோ பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை பெறலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற சகோதரியிடம் இன்றைக்கு ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வையுங்க. ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்க. அழுத்தம் இறங்கியிருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்க.