கருப்பையக நோய்த்தொற்றும் மருத்துவ நெறியும்

பனிக்குட நீரிலும் கருவைச் சூழ்ந்த சவ்வுகளிலும் உண்டாகும் நோய்த்தொற்று தாய், சேய் இருவருக்கும் ஊறு விளைவிக்கவல்லது. பெரும்பாலும் பனிக்குடம் உடைந்த பின்னர், பிறப்புறுப்பிலுள்ள பாக்டீரியாக்கள் மேலேறுவதால் இது தோன்றுகிறது. பிரசவ வேளையில் தாயின் உடல்வெப்பம் 39 பாகை செல்சியசை எட்டுதல், அல்லது 38 பாகையைக் கடந்த காய்ச்சலுடன் கருவின் இதயத்துடிப்பு மிகுதல், வெள்ளணுக்கள் பெருகுதல், கருப்பை வாயில் சீழ் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று சேர்தல், தொற்றை ஐயுறுவதற்கு அடிப்படையாகின்றது.

மருந்தை முன்னரே கொடுத்தால் சேயின் குருதிப் பரிசோதனையில் தொற்று மறைந்துபோகலாம் என்னும் தயக்கம் ஒருகாலத்தில் நிலவியது. 1988-இல் கிப்ஸ் குழுவினர் வெளியிட்ட ஒப்பீட்டாய்வு இதற்கு விடை தந்தது. பிரசவத்தின்போதே மருந்து பெற்ற தாய்மாரின் சேய்கள் எவருக்கும் குருதித்தொற்று ஏற்படவில்லை. பிரசவத்திற்குப் பின் மருந்து பெற்றோரின் சேய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு ஏற்பட்டது.

எனவே, தொற்றை ஐயுற்றவுடனே ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஆகியன சிரைவழிச் செலுத்தப்படுகின்றன. ஆயினும் தொற்றின் இருப்பிடம் கருப்பைக்குள் நீடிப்பதால் மருந்து மட்டும் போதாது. மகப்பேறும் நிகழ்தல் வேண்டும். எனினும், தொற்று ஒன்றையே காரணமாகக் கொண்டு அறுவைப் பேற்றை மேற்கொள்ள வேண்டுவதில்லை. காலந்தாழ்த்தாத மருந்தும் மகப்பேறும் இணைந்ததே இச்சிகிச்சை என்பது இதனால் பெறப்படுகிறது.