முடியை நிமிர்த்தியவர் பழைமைவாதி ஆகலாமா?

சுங்கைப் பட்டாணி நகரின் நடுவே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழாவை நினைவுகூர, லிம் லியன் தெங் என்ற சீனச் செல்வந்தர் 1936ஆம் ஆண்டு கட்டிக்கொடுத்தது அது. அந்த மன்னரின் பேத்தி எலிசபெத் அரசியாருக்கு 1977ஆம் ஆண்டு வெள்ளி விழா வந்தது. அப்போது லண்டனில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்னும் இளைஞர் குழு ஒரு பாட்டை வெளியிட்டது. தலைப்பு என்னவோ தேசிய கீதத்தின் தலைப்புதான். உள்ளே இருந்தது அத்தனையும் அரசியாரைக் கேலி செய்யும் வரிகள். பிபிசி வானொலி அதை ஒலிபரப்ப மறுத்துவிட்டது. இருந்தும் அந்தப் பாட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

பங்க் இசை என்ற பெயர் உலகெங்கும் பரவியது அந்தக் காலக்கட்டத்தில்தான். ஊசி ஊசியாக நிமிர்த்திய முடி, கிழிந்த சட்டை, சட்டையில் சட்டைப்பின், காலில் கனத்த பூட்ஸ். அரசாங்கம், அரண்மனை, தேவாலயம், பள்ளி, பெற்றோர் என யாரையும் மதிக்காத பாட்டு. இப்படிப்பட்ட இசையைப் பாடுகிறவர் மதம், குடும்பம், மரபு, தேசம் ஆகியவற்றைக் கட்டிக்காக்க வேண்டும் என்னும் பழைமைவாத அரசியலை ஆதரிக்க முடியுமா? 'முடியவே முடியாது, பாம்பும் கீரியும் போல' என்று ஒரு தரப்பு அடித்துச் சொல்லும். நடந்ததைப் பார்த்தால் விடை அவ்வளவு சுலபமாக இல்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பங்க் என்பது ஒரு கொள்கை நூல் அல்ல. கித்தாரில் மூன்று ஸ்வரக்கட்டு தெரிந்தால் போதும், குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை, பாட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய இசை நிறுவனம் வேண்டாம். நாமே பாடி, நாமே பதிவு செய்து, நாமே விற்கலாம். இதுதான் அதன் அடிப்படை. பிறர் தயவில் நிற்காதே, உன் கையே உனக்கு உதவி என்பது இடதுசாரிகளுக்கும் பிடித்த பேச்சு, வலதுசாரிகளுக்கும் பிடித்த பேச்சு. கதவு இங்கேயே திறந்துவிடுகிறது.

அமெரிக்காவின் 'ரமோன்ஸ்' குழுவைப் பங்க் இசையின் மூலவர் எனலாம். அவர்களின் முதல் இசைத்தட்டு 1976ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் கித்தார் வாசித்த ஜானி ரமோன் தீவிர குடியரசுக் கட்சிக்காரர். அதிபர் ரீகன் 1985ஆம் ஆண்டு ஜெர்மனியில் நாஜிப் படையினரும் புதைக்கப்பட்ட பிட்புர்க் கல்லறைக்குச் சென்றபோது, அதே குழுவின் பாடகர் ஜோயி அவரைத் தாக்கிப் பாட்டு எழுதினார். ஜானிக்கு அது பிடிக்கவே இல்லை. பிற்பாடு அமெரிக்க இசைத்தட்டில் அந்தப் பாட்டின் தலைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்த இருவரும் பல ஆண்டுகள் பேசிக்கொள்ளாமலேயே இருந்தார்கள் என்பது தனிக்கதை. அதற்கு அரசியல் மட்டும் காரணமல்ல, காதல் விவகாரமும் உண்டு! 2002ஆம் ஆண்டு புகழ்பெற்ற இசைக் கலைஞர்களின் மன்றத்தில் அக்குழுவுக்கு இடம் கிடைத்தபோது, ஜானி மேடையேறி அதிபர் புஷ்ஷுக்கு இறைவன் அருள் வேண்டினார்.

அரசியாரைக் கேலி செய்து பாடிய ஜான் லைடனும் பின்னாளில் அமெரிக்காவில் குடியேறி, டொனால்ட் டிரம்ப்பை வெளிப்படையாக ஆதரித்தார். நம்மவர் ஒருவரும் இந்த வரிசையில் வருகிறார். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, மீண்டும் அகதியாக லண்டன் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், அதாவது 'எம்.ஐ.ஏ.'. 2007ஆம் ஆண்டு வெளிவந்து உலகமெங்கும் ஒலித்த அவரது 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் பின்னணி இசை, 'தி கிளாஷ்' என்னும் இடதுசாரிப் பங்க் குழுவின் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. குடியேறிகளின் குரலாகக் கொண்டாடப்பட்ட அவர், பிற்காலத்தில் கிறிஸ்துவ நம்பிக்கைக்குத் திரும்பினார். 2024ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் முதலில் கென்னடியையும் பிறகு டிரம்ப்பையும் ஆதரித்தார். இரசிகர்கள் பலர் திகைத்துப் போனார்கள். அரசாங்கத்தை நம்பாதே என்பதுதான் அன்றும் இன்றும் அவருடைய பேச்சு. எந்த அரசாங்கம் என்பதுதான் மாறியிருக்கிறது.

கலியுகமும் கள்ளுக்கடையும்

தமிழ் வாசகர்களுக்கு வியப்பளிக்கும் இன்னொரு கிளை உண்டு. 1981ஆம் ஆண்டு வாஷிங்டனில் 'மைனர் திரெட்' என்ற குழு, குடிக்க மாட்டோம், புகைக்க மாட்டோம், போதைப்பொருளைத் தொடமாட்டோம் என்று பங்க் இசையில் கத்தியது. இதிலிருந்து 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்ற இயக்கமே பிறந்தது. இரவு விடுதிகளில் வயது குறைந்தவர்களுக்கு மது ஊற்றக் கூடாது என்பதற்காகப் புறங்கையில் பெருக்கல் குறி போடுவார்கள். இவர்கள் அதையே பெருமைச் சின்னமாக்கிக் கொண்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. நியூயார்க்கின் 'குரோ-மேக்ஸ்' குழு 1986ஆம் ஆண்டு வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'சண்டையின் யுகம்'. நம் கலியுகமேதான்! ரே கப்போ என்ற பாடகர் இஸ்கான் இயக்கத்தில் சேர்ந்து, ரகுநாத் என்ற பெயரோடு 'ஷெல்டர்' குழுவை நடத்தினார். புலால், போதை, சூதாட்டம், முறையற்ற உறவு நான்கையும் விலக்கு என்பது அவர்கள் ஏற்ற நெறி. நம் வீட்டுப் பாட்டி சொல்லும் அறிவுரையை, உடம்பெல்லாம் பச்சை குத்திய வெள்ளைக்கார இளைஞர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். இதைக் கிளர்ச்சி என்பதா, பழைமை என்பதா?

சுங்கைப் பட்டாணி வட்டாரத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. இங்கிருந்து வடக்கே சற்றுத் தூரத்தில் பீடோங், அதையொட்டி ஹார்வர்ட் தோட்டம். 1946, 1947ஆம் ஆண்டுகளில் அங்கே ஏ.எம்.சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் தாக்கம் தோட்டத்து இளைஞர்களிடம் ஆறாமல் இருந்த நேரம். சீருடை, அணிவகுப்பு, கட்டுப்பாடு. கள் குடிக்காதே, கூலியை வீட்டுக்குக் கொண்டுபோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று தொண்டர் படை சொன்னது. கேட்பதற்கு ஊர்ப் பெரியவர்களின் புத்திமதி போலத்தான் இருக்கிறது. தோட்டத் துரைமார்களுக்கோ அது கலகமாகத் தெரிந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற தலைமுறை, நெஞ்சை நிமிர்த்தி நடக்கத் தொடங்கியிருந்தது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடைக்கு எதிராகத் தொழிலாளர்கள் திரண்டார்கள். போலீஸ் தலையிட்டது. மோதலில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மார்ச் தொடக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்திலும் கைகலப்பு மூண்டு, பலர் கைதாகிச் சிறை சென்றனர்.

தொண்டர் படையைப் பழைமைவாதிகள் என்று ஒதுக்க முடியாது, தொழிற்சங்கப் போராட்டமும் அதோடு சேர்ந்தே நடந்தது. அதைப் புரட்சி என்று மட்டும் சொல்லவும் முடியாது, அதன் மூச்சே ஒழுக்கம்தான். ஆளுகிறவன் குடிக்கச் சொல்லும் இடத்தில், குடிக்க மறுப்பதே கலகமாகிறது.

பூட்ஸ் சத்தம் யாருக்கு எதிராக?

இனி கசப்பான பக்கம். பங்க் இசையோடு பிற்பாடு ஒட்டிக்கொண்ட 'ஸ்கின்ஹெட்' எனப்படும் மொட்டைத்தலை இளைஞர் கூட்டத்தின் ஒரு பகுதி, பிரிட்டனில் இனவாதக் கட்சியான தேசிய முன்னணியோடு சேர்ந்துகொண்டது. (நம் நாட்டுத் தேசிய முன்னணியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 'ஸ்குரூடிரைவர்' என்ற குழு 1976ஆம் ஆண்டு சாதாரணப் பங்க் குழுவாகத் தொடங்கி, 1980களில் வெள்ளை இனவெறியின் ஊதுகுழலாக மாறியது. வேடிக்கை என்னவென்றால், மொட்டைத்தலைக் கலாசாரம் 1960களின் இறுதியில் ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பின இளைஞர்களின் இசையைக் கேட்டு வளர்ந்தது. 1981 ஜூலை 3ஆம் தேதி லண்டன் சவுத்ஹால் பகுதியில், இந்தியர்கள் அடர்ந்து வாழும் தெருவிலுள்ள மதுக்கூடத்தில் இத்தகைய இசை நிகழ்ச்சி நடந்தது. வந்தவர்கள் கடைகளைத் தாக்கினார்கள் என்ற கோபத்தில் ஆசிய இளைஞர்கள் திரண்டனர். அன்றிரவு அந்த மதுக்கூடம் தீக்கிரையானது.

அது எங்கோ லண்டனில் என்று விட்டுவிட முடியாது. மலேசியாவிலேயே 'மலாய் பவர்' என்று சொல்லிக்கொள்ளும் மொட்டைத்தலைக் குழுக்கள் உண்டு. 'பூட் எக்ஸ்' போன்ற குழுக்களின் பெயர் 2013ஆம் ஆண்டு வெளிநாட்டு ஊடகங்களில் அடிபட்டது. ஹிட்லரின் சின்னத்தை அணிந்துகொண்டு, இந்த மண் ஓர் இனத்துக்கு மட்டுமே என்று பாடுவது அவர்களின் வழக்கம். ஹிட்லரின் கணக்கில் அவர்களும் தாழ்ந்த இனம்தான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. எண்ணிக்கையில் அவர்கள் சொற்பம். நாட்டின் பங்க் இளைஞர்களில் பெரும்பாலோர் அவர்களை ஏற்பதில்லை. வீடற்றவர்களுக்குத் தெருவில் உணவு சமைத்துக் கொடுக்கும் பணியில் கோலாலம்பூர் பங்க் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஈடுபட்டு வந்திருக்கிறார்கள். உடை ஒன்றே, முடி ஒன்றே. ஒருவர் சோறு போடுகிறார், மற்றவர் பக்கத்து வீட்டுக்காரரைத் துரத்தச் சொல்கிறார். இந்தியப் பெற்றோர் அஞ்ச வேண்டியது முடியைப் பார்த்தா, பாட்டின் வரியைக் கேட்டா?

அதிகாரிகளின் கண் என்னவோ முடியின் மீதே இருந்து வந்திருக்கிறது. 1992ஆம் ஆண்டு தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட், நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களை ஆர்டிஎம் தொலைக்காட்சியில் தோன்ற விடவில்லை. 2001ஆம் ஆண்டு 'பிளாக் மெட்டல்' பீதி கிளம்பியபோது, அது பெரிதாக வெடித்த இடம் கெடா மாநிலம். பள்ளிகளில் மாணவர்கள் சோதிக்கப்பட்டார்கள். 2005ஆம் ஆண்டின் கடைசி இரவில் கோலாலம்பூர் இசைக்கூடம் ஒன்றில் போலீஸ் புகுந்து 380 பேரைத் தடுத்து வைத்தது. 2015 ஆகஸ்டில், பெர்சே 4 பேரணிக்கு முந்தைய இரவு, அம்பாங்கிலுள்ள 'ருமா அப்பி' என்ற பங்க் கூடத்தில் 150க்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். அக்கரையில் ஆச்சேவிலோ, 2011 டிசம்பரில் 60க்கும் மேற்பட்ட பங்க் இளைஞர்களைப் பிடித்து, மொட்டையடித்து, குளிப்பாட்டி, பத்து நாள் ஒழுக்கப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் வந்திருந்த இசை நிகழ்ச்சி அநாதைப் பிள்ளைகளுக்கு நிதி திரட்ட நடத்தப்பட்டது. அதே இந்தோனேசியாவில் ஜகார்த்தாவில் 'பங்க் முஸ்லிம்' என்ற குழுவினர், நிமிர்த்திய முடியோடு தொழுகைக்கும் குர்ஆன் வகுப்புக்கும் சென்றார்கள்.

நம் தோட்டத்து உறுமி

இவ்வளவு தூரம் போவானேன்? நம் சமூகத்திலேயே இதற்கு நிகரான ஒன்று இருக்கிறது. உறுமி மேளம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறும வைக்கும் அந்த வாத்தியத்தை வாசிக்க யாரும் சபாவில் பயின்று வரவில்லை. லயத்து வீட்டுப் பின்புறத்தில் அண்ணன் அடிப்பதைப் பார்த்துத் தம்பி கற்றுக்கொண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் சுங்கைப் பட்டாணி போன்ற நகரங்களின் மலிவுவிலை வீடுகளுக்கு வந்தபோது உறுமியும் உடன் வந்தது. கறுப்புச் சட்டை, சட்டையில் குழுவின் பெயர், சொந்தச் செலவில் பதிவு செய்த குறுந்தட்டு. பார்ப்பதற்கு அச்சு அசல் பங்க் குழு!

பாடுவது யாரை? முனீஸ்வரரை, காளியம்மனை, மதுரைவீரனை. பாட்டில் கலகம் இல்லை. பாட்டன் கும்பிட்ட காவல் தெய்வத்தைப் பேரன் அழைக்கிறான், அவ்வளவே. காவடி எடுப்பவருக்கு அருள் வர உறுமி வேண்டும் என்பது இன்றும் பலரின் நம்பிக்கை.

ஆனாலும் தைப்பூசம் நெருங்கினால் உறுமிக்குத்தான் கட்டுப்பாடு. சினிமாப் பாட்டு வாசிக்கக் கூடாது, ஒரே இடத்தில் நின்று ஆடக் கூடாது, குண்டர் கும்பல் எண் தாங்கிய உடை அணியக் கூடாது என்று ஆலய நிர்வாகங்களும் போலீசும் அறிவிப்பது வழக்கம். காரணம் இல்லாமலும் இல்லை. 2013ஆம் ஆண்டு உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலில் இந்திய இளைஞர்கள் நிறைந்த கும்பல்கள் இருந்தன. அவற்றின் எண்கள் சில ஊர்வலங்களில் சட்டையிலும் கொடியிலும் தென்பட்டதுண்டு. அதைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது.

ஆனால் அந்தக் கவலையோடு வேறொன்றும் கலந்துவிடுகிறது. ஆகம முறை, நாதஸ்வரம், தேவாரம் இவையே கோயிலுக்கு அழகு, உறுமியும் பலியும் தோட்டக்காட்டுப் பழக்கம் என்ற எண்ணம் அது. படித்து முன்னேறியவர்கள் கோயிலைச் சீர்திருத்த நினைக்கிறார்கள். பையன்கள் பழைய வழக்கத்தை விடமாட்டோம் என்கிறார்கள். இதில் பழைமைவாதி யார், கலகக்காரர் யார்? நிர்வாகத்தினர் தங்களை மரபின் காவலர் என்கிறார்கள். உறுமிக்காரர்களும் அதையே சொல்கிறார்கள்.

சில ஊர்களில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசியதும் உண்டு. குழுக்கள் பெயர் கொடுத்துப் பதிந்துகொள்வது, பக்திப் பாட்டு மட்டுமே வாசிப்பது, ஆலய வளைவு வந்ததும் மேளத்தை நிறுத்திவிடுவது என்று உடன்பாடு கண்டார்கள். பேசாத ஊர்களில் ஊர்வலம் பாதி வழி வந்த பிறகு, போலீஸ்காரர் வந்து மேளத்தை நிறுத்தச் சொல்கிறார். காவடியோடு ஆடிக்கொண்டிருந்தவர் நடுத்தெருவில் நின்றுபோகிறார்.