கணினிக்கும் வேண்டும் புணர்ச்சி விதி

ஒரு நூலின் இறுதியில் இடம்பெறும் சொல்லடைவு, ஒரு சொல் எந்தெந்தப் பக்கங்களில் பயின்று வந்துள்ளது என்பதைக் காட்டும். கணினியில் எழுதப்படும் குறிப்புகளில் அதையொத்த பணியை இணைப்புகள் செய்கின்றன. ஒரு சொல்லைத் தொட்டவுடன் அதுபற்றிய மற்றொரு குறிப்பு திறக்கிறது. அவ்விணைப்பை மனிதர் இடாமல் கணினியே இடுவது தானியங்கு இணைப்பு எனப்படும். தமிழில் இஃது எளிதன்று. அதற்கான காரணம் புணர்ச்சி இலக்கணத்தில் உள்ளது.

விக்கியின் தொடக்கம்

அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995ஆம் ஆண்டு முதல் விக்கித் தளத்தை உருவாக்கினார். ‘விக்கி’ என்பது விரைவு என்னும் பொருள் தரும் ஹவாய் மொழிச்சொல். பெரிய எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதினால், அத்தளம் அவற்றைத் தானாகவே இணைப்பாக மாற்றியது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. ஆகவே அம்முறை தமிழுக்குப் பொருந்தாது. தொடக்கத்தில் அதனைப் பின்பற்றிய விக்கிப்பீடியா, பின்னர்ச் சொல்லின் இருபுறமும் இரட்டைச் சதுர அடைப்புக்குறி இடும் முறைக்கு மாறியது. 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவிலும் இம்முறையே வழங்குகிறது.

தோலும் தோல்வியும்

குறிப்புகளின் தலைப்புகளை நினைவிற்கொண்டு, அவ்வெழுத்துத் தொடர் வருமிடமெல்லாம் கணினியே இணைப்பிடும் முறையும் உண்டு. காட்பாடி மாணவி ஒருவர் தம் வட்டாரத் தோல்தொழிலைப் பற்றிக் குறிப்பெழுதுவதாகக் கொள்வோம். காட்பாடி, வேலூர், ஆம்பூர், தோல், பாலாறு ஆகியவை அவருடைய தலைப்புகள். ‘ஆம்பூரில் தோலைப் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றில் கலந்தது’ என அவர் எழுதுகிறார்.

இத்தொடரில் மூன்று தலைப்புகள் உள்ளன. கணினி ஒன்றையேனும் கண்டறியாது. ‘ஆம்பூர்’, ‘தோல்’ ஆகியவற்றின் ஈற்றுப் புள்ளி, உயிர் வந்து சேர்ந்ததும் நீங்கிவிடுகிறது. ‘பாலாறு’ ஒற்று இரட்டித்துப் ‘பாலாற்றில்’ ஆகிறது. ஆனால், ‘முயற்சி தோல்வியுற்றது’ என எழுதினால், ‘தோல்வி’ என்பதன் முன்பாதியைத் ‘தோல்’ எனக் கொண்டு கணினி இணைப்பிடும். முழுச்சொல் பொருந்தினால் மட்டுமே இணைக்குமாறு கட்டளையிட்டால் தோல்வி விடுபடும். அதனுடன் ‘காட்பாடியில்’ என்பதும் விடுபடும்.

இது சிறு குறையன்று. வேலூர் வட்டாரத் தோல் ஆலைகளின் கழிவுநீர் குறித்த வழக்கில், மாசுபடுத்துவோரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை நாட்டின் சட்டத்தில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. தொழில், ஆறு, தீர்ப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துக் காண்பவருக்கே இவ்வரலாறு விளங்கும். வேற்றுமை உருபு ஏற்றதனால் இணைப்பு அறுமானால், மூன்று குறிப்புகளும் தனித்தனியே கிடக்கும்.

காட்பாடியும் வேலூரும்

தமிழ் விக்கிப்பீடியாவில் [[காட்பாடி]]யில் என எழுதினால் முழுச்சொல்லும் இணைப்பாகத் தோன்றும். உயிரீற்றுச் சொல்லாகிய காட்பாடி, யகர உடம்படுமெய் பெற்றபோதும் தன் வடிவம் மாறுவதில்லை. வேலூர் மெய்யீற்றுச் சொல். ஆகவே [[வேலூர்|வேலூரில்]] எனத் தலைப்பையும் தொடரில் வரும் வடிவத்தையும் தனித்தனியே தருதல் வேண்டும். பாலாற்றின் இரு கரைகளிலும் அமைந்த இவ்வூர்களுள் ஒன்றற்கு ஒரு முறையும் மற்றொன்றற்கு வேறு முறையும் தேவைப்படுவது புணர்ச்சியின் விளைவே.

மனிதரின் பங்கு

‘பாலாற்றில்’ என்பதைப் ‘பாலாறு + இல்’ எனப் பிரிக்கக் கற்ற மென்பொருளே தமிழில் இணைப்புகளைச் செம்மையாக இடும். அதற்குப் புணர்ச்சி விதிகளை நிரலாக எழுத வேண்டும். அதன் பின்னரும் ஓர் ஐயம் எஞ்சும். தோல் என்பது மனித உடலின் தோலா, பதனிட்ட தோலா, பழத்தின் தோலா என்பதைத் தொடரின் பொருளே உணர்த்தும். ஆதலால் ஆப்சிடியன் போன்ற குறிப்பு மென்பொருள்கள், இணைக்கத்தக்க இடங்களைப் பட்டியலிட்டுக் காட்டி, முடிவை எழுதுபவரிடமே விடுகின்றன.

இலக்கணம் அறிந்த நிரலாளரே இப்பணியை நிறைவேற்ற இயலும். சொற்களைப் பிரித்தெழுதி விதி கூறும் வகுப்பறைப் பயிற்சி, தோலையும் பாலாற்றையும் கணினி சேர்த்துக் காண்பதற்கான முதற்படியாகும்.