மீனுக்கு முன் பாக்டீரியா குடியேறட்டும்

கொளத்தூரில் ஜோடியாக வாங்கி வந்த கோமாளி மீன்கள் இரண்டடித் தொட்டியில் நன்றாகத் தேறிவிட்டால், அடுத்து நாலடித் தொட்டி மீது கண் போகும். நல்ல ஆசைதான். தண்ணீர் கூடுதலாக இருந்தால் சூடும் உப்பும் சட்டென்று ஏறி இறங்காது. கடல்மீனுக்கு அதைவிட நிம்மதி வேறில்லை. ஆனாலும் பழைய தொட்டியில் ஆண்டுக்கணக்கில் நலமாக இருந்த மீன், பெரிய தொட்டிக்குப் போன ஒரே வாரத்தில் செத்து மிதப்பதுண்டு. மீனை மட்டும் மாற்றிவிட்டு, அதை உயிரோடு வைத்திருந்ததை விட்டுவிடுவதால் வரும் வினை இது.

மீன் தன் செவுள் வழியே ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். அவை கல்லிலும் ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை. தண்ணீரில் மிதப்பவை மிகக் குறைவு. பழைய தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். கடல்நீரின் பி.ஹெச். 8.2-ஐ ஒட்டி இருக்கும். அந்த நிலையில் அம்மோனியாவின் நச்சு வடிவம், பி.ஹெச். 7 உள்ள நன்னீரில் இருப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். தங்கமீன் தொட்டியில் செய்யும் அவசரத்தை இங்கே செய்ய முடியாது.

ஆகவே, புதுத் தொட்டிக்கான ஸ்பாஞ்ச் ஃபில்டரை நாலைந்து வாரம் முன்பே பழைய தொட்டியில் ஓட விடுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். மாற்றும் நாளில் ஸ்பாஞ்சையும் கற்களையும் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து வைத்துக் கொண்டுபோக வேண்டும். குழாயில் அலசினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: அழகுக்காகப் பவளக்கல் தேடிப் போகாதீர்கள். 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நுண்துளைகள் உள்ள செராமிக் கல்லே பாக்டீரியாவுக்குப் போதும்.

மணல் விஷயம் வேறு. பழைய மணலின் அடியில் காற்றுப் புகாத இடங்களில் கறுத்த படிவு இருக்கும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு நஞ்சு. புது மணலே பாதுகாப்பானது. மேல்மட்டத்திலிருந்து ஒரு கிண்ணம் மட்டும் எடுத்துத் தூவலாம். பழையதைக் கொட்டுவதற்கு முன் விரலால் மெல்லத் துழாவிப் பாருங்கள். ராஸ் வகை மீன்களில் பல, பயந்தால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். மீனோடு சேர்த்து மணலைக் கொட்டிவிடக் கூடாது.

தண்ணீரை ஒருநாள் முன்பே தயாரித்துவிட வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் செயற்கைக் கடல் உப்பு. 250 லிட்டருக்கு ஒன்பது கிலோ வரை ஆகும். ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும். இரண்டு தொட்டியிலும் உப்பளவும் வெப்பமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உப்பு கொஞ்சம் குறைவதை மீன் தாங்கும். திடீரென்று ஏறுவதைத் தாங்காது, உடலின் நீரை இழந்து துவண்டுவிடும்.

பிடிக்கும்போது முதலில் கற்களை எடுத்துவிடுங்கள், தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், விளக்கை அணையுங்கள். வலையால் துரத்தினால் மீனின் வழவழப்புப் பூச்சு உரியும். சர்ஜன் மீனின் வாலடி முள் வலையில் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, மீனை அதற்குள் மெல்ல ஒதுக்கித் தண்ணீரோடு அள்ளுவதே நல்லது. பேத்தை மீனை ஒருபோதும் வெளியே தூக்கக் கூடாது. காற்றை விழுங்கி உப்பிவிட்டால் அதை வெளியேற்ற முடியாமல் செத்தும் போகலாம். மூடி போட்ட வாளியில் ஏர் ஸ்டோன் ஓடட்டும். கரன்ட் போனால் கைகொடுக்க பேட்டரி பம்ப் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் கலந்து, சாதுவான மீன்களை முதலில் விடுங்கள்; சண்டைக்கார டாம்செல் கடைசியில் வரட்டும்.

அன்று தீனி வேண்டாம். மறுநாள் ஒரு சிட்டிகை போதும். முதல் இரண்டு வாரம் தினமும் அம்மோனியாவைச் சோதியுங்கள்; கொஞ்சம் தென்பட்டாலும் அன்றைக்கே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். தொட்டிக்கு எடுத்துவைக்கும் பணத்தில் டெஸ்ட் கிட்டுக்கும் உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். அவை கைக்கு வரும்வரை மீன்கள் பழைய தொட்டியிலேயே இருக்கட்டும்.