சிங்கம் உலவும் வெளியில் தங்குமிடம்

சபாரி என்னும் சொல்லுக்குச் சுவாகிலி மொழியிற் பயணம் என்பதே பொருள். அரபு மொழியிலிருந்து கிழக்கு ஆபிரிக்கக் கரைக்கு வந்து, பின்னர் உலக மொழிகளிலெல்லாம் புகுந்துவிட்ட அச்சொல், ஒரு காலத்தில் துப்பாக்கியையும் உடன் சுமந்து சென்றது. அமெரிக்க ஜனாதிபதிப் பதவியை விட்டிறங்கிய தியோடோர் ரூஸ்வெல்ட் 1909ஆம் ஆண்டில் அங்கு சென்றது பெருவேட்டைக்காகவே. கென்யாவில் 1977இல் வேட்டை தடைசெய்யப்பட்டபின், துப்பாக்கி இருந்த இடத்தைக் கமரா முற்றாகப் பிடித்துக்கொண்டது. வேட்டைக்காரரின் கூடாரம் மாத்திரம் மறையவில்லை. அது மெத்தையும் விளக்கும் குளியற்றொட்டியும் பெற்று, செல்வர் நாடும் சொகுசு விடுதியாக வளர்ந்துவிட்டது.

இத்தகைய விடுதிகளின் விளம்பர ஏடுகளைப் புரட்டுவோர்க்கு ஒன்று விரைவிற் புலப்படும். எல்லா விடுதிகளும் ஒரே விடுதியாகவே தோன்றுகின்றன. மரத்தாலான முன்றில், அதன் கீழே நீச்சற் குளம், மாலையில் மூட்டிய நெருப்பைச் சுற்றி நாற்காலிகள், தொலைவில் யானைக் கூட்டம். ஆளுக்கு ஓரிரவுக்கு ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேற் கேட்கும் இடங்கள் பல. அத்தனை பணம் கொடுத்தும், இருபது வாகனங்களுக்கிடையே ஒரு சிறுத்தையின் வாலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் உளர். அதனிலும் எளிய முகாமில் தங்கி, ஒரு சிங்கக் குடும்பத்தை அரை நாள் அமைதியாக அவதானித்து வந்தவரும் உளர். இந்த வேறுபாட்டை எந்தப் படமும் காட்டாது. விடுதி நிற்கும் நிலம் எது, செல்லும் மாதம் எது, வாகனத்தின் முன்னிருக்கையில் இருப்பவர் யார் என்ற வினாக்களிலேதான் அது அடங்கியிருக்கிறது.

தன்சானியாவின் செரங்கெட்டியையும், அதன் வடக்கே கென்யாவிலுள்ள மசாய் மாரா காப்பகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். செரங்கெட்டித் தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மாரா 1,510 சதுர கிலோமீற்றர். இரு நாடுகளுக்கும் இடையே கோடு உண்டு. விலங்குக்கு அக்கோடு இல்லை. நூ எனப்படும் தாடி வைத்த மான்வகை, வரிக்குதிரைகளோடு கூடி, மழையையும் புல்லையும் தொடர்ந்து ஆண்டு முழுவதும் இந்நிலத்தை வட்டமிட்டு வருகிறது. நூக்களின் தொகை பதின்மூன்று இலட்சம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2025இல் செய்மதிப் படங்களைக் கொண்டு எண்ணிய ஆய்வாளர் ஆறு இலட்சத்துக்கும் குறைவாகவே கண்டனர். எண்ணிக்கை எதுவாயினும், அதனைப் போன்றதோர் ஊர்வலம் தரையிலே அரிது.

தென் செரங்கெட்டியை அடுத்த ந்டூட்டு வெளியில், எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணிற் குட்டைப் புல் வளர்கிறது. பாலூட்டும் தாய்க்கு வேண்டிய கல்சியமும் பொசுபரசும் அப்புல்லிலே மிகுதி. ஆதலாற் பெப்ரவரி மாதத்தையொட்டி நூக்கள் அங்கு கன்று ஈனுகின்றன. பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளேயே பிறந்துவிடும். கழுதைப்புலியும் சிங்கமும் எவ்வளவு தின்றாலும் தின்று தீர்க்க இயலாதபடி இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு இது. பிறந்த சில நிமிடங்களிற் கன்று எழுந்து நிற்கிறது. நிற்கத் தவறியது அங்கே வாழாது. மே, ஜூன் மாதங்களில் கூட்டம் மேற்கே குரூமேற்றி ஆற்றுப் பக்கம் நகரும். ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரையில் வடக்கே மாரா ஆற்றை, முதலைகள் காத்திருக்கும் நீரை, பல முறை கடக்கும்.

இதை அறியாது, ஆற்றைக் கடக்கும் காட்சியை நினைந்து பெப்ரவரியில் மாராவில் அறை எடுத்தால், ஆறு இருக்கும், கூட்டம் இராது. உரிய மாதத்திற் சென்றாலும் நாளை எவரும் உறுதி கூற இயலாது. மழை பிந்தினால் விலங்கும் பிந்தும். இதற்காகவே ஆண்டில் இரண்டு மூன்று முறை இடம் பெயரும் கூடார முகாம்கள் தன்சானியாவில் உள்ளன. அவற்றில் நீச்சற் குளம் இராது. ஆயினும் விலங்கு காண்பதே நோக்கமானால், கல்லாற் கட்டிய மாளிகையிலும் அவை மேலானவை. கூட்டத்தைப் பெரிதாக எண்ணாதவர், ஆண்டு முழுவதும் சிங்கமும் சிறுத்தையும் நிலைத்து வாழும் செரங்கெட்டியின் நடுப்பகுதியான செரனேராவை நாடலாம்.

மாதத்தை அடுத்து நிலம். மாராவிலே விடுதிகள் இரு வகை நிலங்களில் நிற்கின்றன. ஒன்று அரசாங்கக் காப்பகம். 2024ஆம் ஆண்டு முதல், வெளிநாட்டவர் ஒருவர்க்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஜூலை தொடக்கம் டிசம்பர் வரை 200 டொலர், ஏனைய மாதங்களில் 100 டொலர். ஆறும் அதனைக் கடக்கும் கூட்டமும் அதனுள்ளேயே உள்ளன. ஆனால் வாகன நெருக்கமும் அங்குதான். யாலவில் ஒரு சிறுத்தைக்காக ஜீப் வண்டிகள் முட்டி மோதி நிற்பதைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றையது காப்பகத்தின் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள காப்பு நிலங்கள். இவை மசாய் மக்களுக்குச் சொந்தமானவை. நிலவுடைமையாளர் பலர் தத்தம் துண்டுகளை ஒன்றுசேர்த்து விடுதிகளுக்குக் குத்தகைக்கு விடுகின்றனர். 2006இல் உருவான ஒலாரே ஒரோக்கும், 2010இல் உருவான நபோய்ஷோவும் இவ்வகையின. நபோய்ஷோ என்றால் மசாய் மொழியில் ஒன்றுகூடுதல் என்று பொருள். படுக்கைகளின் தொகைக்கு அங்கு வரம்பு உண்டு. தங்குவோரைத் தவிரப் பிறர் வாகனம் நுழைவதில்லை. காப்பகத்தில் அனுமதியில்லாத இரவுப் பயணமும் காலால் நடந்து காணும் பயணமும் அங்கு உண்டு. உண்மையான சொகுசு எது என்று கேட்டால், அகன்ற கட்டிலன்று, விலங்கின் எதிரே தனித்து நிற்கும் அந்த அரைமணி நேரமே என்று சொல்லத் தோன்றுகிறது.

கொடுக்கும் பணம் யாரிடம் சேர்கிறது என்பதும் இங்கேதான் வருகிறது. 1959இல் செரங்கெட்டியிலிருந்து மசாய் மக்கள் வெளியேற்றப்பட்டு கொரொங்கோரோப் பக்கம் சென்றனர். விலங்குகளோடு கலந்து மாடு மேய்த்த மக்களுக்கு, அவ்விலங்கின் பெயராலேயே நிலம் போயிற்று. காப்பு நிலக் குத்தகை இதற்கு முற்றான பரிகாரமன்று. ஆயினும் சிங்கம் உயிரோடிருப்பதால் மாட்டுக்காரனுக்கு மாதந்தோறும் வருமானம் உண்டு என்ற நிலையை அது ஏற்படுத்தியது. 2020இல் கொள்ளைநோயினாற் பயணிகள் வராதபோது, குத்தகைப் பணம் பல இடங்களிற் குறைந்தது. அம்மக்களின் சோற்றுக்கும் தொலைதூரப் பயணியின் விடுமுறைக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் பலர்க்கு விளங்கிற்று. 2025 ஆகஸ்டில் மாராக் காப்பகத்தில் ஆற்றங்கரையொன்றிற் திறக்கப்பட்ட சொகுசு முகாம், நூக்களின் வழியை மறிக்கிறது என்று மசாய் ஒருவர் நீதிமன்றம் சென்றார். விடுதித் தரப்பினர் அதனை மறுத்தனர். வழக்கின் நியாயம் ஒருபுறமிருக்க, அறை எடுப்பவர் விடுதிக்கு எழுதிக் கேட்கத்தக்க வினாக்களை அது முன்வைத்துவிட்டது. கட்டடம் விலங்கின் பாதையில் நிற்கிறதா? நீச்சற் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குத்தகை யாருக்குச் செல்கிறது? ஊழியருள் அயற் கிராமத்தவர் எத்தனை பேர்? நல்ல விடுதி இவற்றுக்குத் தயங்காது பதில் எழுதும். மழுப்பலான பதில் வந்தால் அதுவும் ஒரு பதிலே.

வழிகாட்டியைப் பற்றி விளம்பர ஏடுகள் அதிகம் பேசுவதில்லை. கென்யாவில் வழிகாட்டிகளுக்குச் சங்கம் நடத்தும் தேர்வுகள் உண்டு. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று தரங்கள். தங்கத் தரத்தினர் மிகச் சிலரே. காற்றின் திசையும் குரங்கின் கூவலும் பறவையின் பதற்றமும் அறிந்த ஒருவர் உடனிருந்தால், சிங்கமே வராத காலைப்பொழுதும் வீணாகாது. சாணவண்டு ஒன்றே ஒரு மணி நேரக் கதையாகிவிடும். வாகனத்தில் எத்தனை பேர் ஏற்றப்படுவர், ஒவ்வொருவர்க்கும் சாளரம் உண்டா என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். கட்டணத்தில் உணவும் வாகனப் பயணமும் பெரும்பாலும் அடங்கும். காப்பகக் கட்டணமும் சிறு விமானக் கட்டணமும் அடங்காதிருத்தல் கூடும். கணக்கு வீங்குவது அங்கேதான்.

நைரோபியிலிருந்து செல்லும் அச்சிறு விமானங்களில் ஆளுக்குப் பதினைந்து கிலோகிராம் மாத்திரமே, அதுவும் மெதுவான பையில், ஏற்பர். மாரா உயர்ந்த நிலமாதலால் விடியற்காலம் குளிரும். ஆபிரிக்கா என்றதும் பருத்திச் சட்டை மட்டும் எடுத்துச் செல்பவர் முதல் நாளே வருந்துவர். நல்ல முகாம்களில் இரவிற் போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைத்திருப்பர். பல முகாம்களுக்கு வேலியில்லை. இருட்டியபின் உணவுக் கூடத்துக்குச் செல்லவும் காவலாள் விளக்கோடு வந்து அழைத்துச் செல்வார். இதனாற் சிறு பிள்ளைகளை ஏற்காத இடங்களும் உண்டு.

ஏப்ரல், மே மாதங்கள் பெருமழைக் காலம். பாதை சேறாகும், சில முகாம்கள் மூடப்படும். திறந்திருப்பவற்றில் விலை வெகுவாகக் குறையும். புல் உயர்ந்திருப்பதால் விலங்கைத் தேடிக் காண வேண்டியிருக்கும். ஆனால் வானம் கழுவிவிட்டாற்போலிருக்கும். வெளி முழுவதும் பச்சை. மற்றோர் வாகனம் கண்ணுக்குத் தெரியாது. அளவான பணமும் நிறைந்த பொறுமையும் உடையவர் அக்காலத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.