டோக்கியோ மீது 16 விமானங்கள்

1942 ஏப்ரலில் அமெரிக்கா நடத்திய திடீர் குண்டுவீச்சில் ஜப்பானுக்கு ஏற்பட்ட சேதம் சொற்பம். குலைந்தது அதன் தளபதிகளின் நிம்மதிதான். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் சீன கிராமவாசிகள்.

அன்று சனிக்கிழமை. டோக்கியோவில் காலையில்தான் வான் தாக்குதல் ஒத்திகை ஒன்று நடந்து முடிந்திருந்தது. நண்பகல் வாக்கில் கூரைகளை உரசுவதுபோலத் தாழ்வாக வந்த இரட்டை எஞ்சின் விமானங்களைப் பார்த்த பலர், அதையும் ஒத்திகையின் மிச்சம் என்றே நினைத்தார்கள். சிலர் உற்சாகமாகக் கையசைத்தார்கள். குண்டுகள் விழத் தொடங்கிய பிறகுதான் அபாயச் சங்கு ஒலித்தது.

1942 ஏப்ரல் 18 வரை ஜப்பானுக்கு எல்லாமே வெற்றிதான். முந்தைய டிசம்பரில் பேர்ல் ஹார்பர். பிறகு மணிலா, சிங்கப்பூர், ரங்கூன் என்று வரிசையாக விழுந்தன. ஜப்பான் மண்ணில் ஒரு குண்டாவது விழ வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தளபதிகளை நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆனால் எப்படி? கப்பலிலிருந்து கிளம்பும் சிறிய விமானங்களால் அதிக தூரம் போக முடியாது. கரைக்கு அருகே கொண்டுபோனால் கப்பலே மிஞ்சாது.

வழி கண்டுபிடித்தவர் விமானி அல்ல, நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரியான கேப்டன் ஃபிரான்சிஸ் லோ. வர்ஜீனியாவின் நார்ஃபோக் விமான தளத்தில், பயிற்சிக்காகக் கப்பல் தளத்தின் அளவில் கோடு வரைந்திருந்தார்கள். ராணுவத்தின் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் கோட்டின் மேல் பறப்பதைப் பார்த்த அவருக்கு ஒரு யோசனை: நிலத்து விமானத்தைக் கப்பலிலிருந்து கிளப்பினால் என்ன?

பொறுப்பு லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் டூலிட்டிலிடம் வந்தது. வயது 45, விமானப் பந்தயங்களில் பேர் வாங்கியவர், விமானப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் தேர்ந்தெடுத்த பி-25 விமானத்தின் இறக்கைகளின் அகலம் 67 அடி. ஹார்னெட் கப்பலின் தளத்தில் அது ஓடும்போது, வலது இறக்கை நுனிக்கும் கப்பலின் கோபுரத்துக்கும் நடுவே ஆறடி இடைவெளிதான். சக்கரம் விலகாமலிருக்கத் தளத்தில் வெள்ளைக் கோடு போட்டார்கள். எரிபொருளுக்காகக் கூடுதல் தொட்டிகள் ஏறின. எடையைக் குறைக்கச் சில துப்பாக்கிகள் இறங்கின. விமானத்தின் வாலில் துப்பாக்கி இருப்பதாக எதிரி நம்ப, கறுப்பு வர்ணம் பூசிய துடைப்பக் கட்டைகளைச் செருகினார்கள்! எதிரியிடம் சிக்கிவிடுமோ என்று விலை உயர்ந்த குறிபார்க்கும் கருவியையும் கழற்றிவிட்டு, சில சென்ட் பெறுமான உலோகத் தகட்டுக் கருவியைப் பொருத்தினார்கள்.

கிளம்ப முடியும், திரும்ப முடியாது. அந்தக் கனத்தில் கப்பலில் இறங்க வழியில்லை. குண்டு போட்டுவிட்டு மேற்கே பறந்து சீனாவின் செஜியாங் மாகாணத்தில் இறங்குவது என்பது திட்டம். வழியெல்லாம் பி-25களே தளத்தை அடைத்துக்கொண்டதால், ஹார்னெட்டின் சொந்தப் போர் விமானங்கள் கீழ்த்தளத்தில் முடங்கிக் கிடந்தன. காவலுக்கு என்டர்பிரைஸ் என்ற இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலும் கூடவே போனது. பசிபிக்கில் அப்போது அமெரிக்காவிடம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே இத்தகைய கப்பல்கள் இருந்தன. அதில் இரண்டை ஒரே சூதாட்டத்தில் வைத்தார்கள்.

கரையிலிருந்து சுமார் 650 கடல் மைல் தொலைவில், நிட்டோ மாரு என்ற சின்னஞ்சிறு ஜப்பானியக் காவல் படகு இவர்களைப் பார்த்துவிட்டது. படகை மூழ்கடித்தார்கள். அதற்குள் ரேடியோ செய்தி போய்விட்டது. திட்டமிட்டதைவிடப் பத்து மணி நேரம் முன்னதாக, சுமார் 170 கடல் மைல் கூடுதல் தூரத்திலிருந்து கிளம்ப வேண்டிய கட்டாயம். கடல் கொந்தளித்தது. முதலில் கிளம்பிய டூலிட்டிலுக்கு ஓட 467 அடிதான் இருந்தது. கப்பலின் மூக்கு அலையில் மேலே எழும்பும் நொடி பார்த்து ஒவ்வொன்றாக விடப்பட்ட 16 விமானங்களும் கிளம்பின.

செய்தி கிடைத்தும் ஜப்பான் ஏமாந்தது ஏன்? கப்பல் விமானங்களின் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, தாக்குதல் மறுநாள்தான் வரும் என்று இருந்துவிட்டார்கள்.

டோக்கியோ, யோகோஹாமா, யோகோசுகா, நகோயா, கோபே ஆகிய நகரங்களில் குண்டு விழுந்தது. இறந்தவர்கள் சுமார் 50 பேர். அவர்களில் ஒரு பள்ளி மாணவனும் உண்டு. ஜப்பான் மீது ஒரு விமானமும் வீழ்த்தப்படவில்லை. ஒன்று சோவியத் யூனியனில் இறங்கி முடக்கப்பட்டது. மற்ற 15ம் எரிபொருள் தீர்ந்து, இருட்டிலும் மழையிலும் சீனாவிலும் அதன் கரையோரத்திலும் விழுந்தன. 80 பேரில் மூவர் அப்போதே இறந்தார்கள். ஜப்பானியரிடம் சிக்கிய எட்டுப் பேரில் மூவருக்கு மரண தண்டனை. ஒருவர் சிறையில் மாண்டார்.

ஜப்பானியக் கூட்டுக் கப்பற்படையின் தளபதி யாமமோட்டோவுக்கு இது பெரிய தலைக்குனிவு. மிட்வே தீவைத் தாக்கி, அமெரிக்காவின் மிச்சமுள்ள விமானந்தாங்கிக் கப்பல்களைப் பொறியில் சிக்கவைக்க அவர் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்தார். கடற்படைத் தலைமையகம் ஆஸ்திரேலியாவைத் துண்டிக்கும் தெற்குத் திட்டத்தையே விரும்பியது. தரைப்படைக்கு மிட்வேயில் அக்கறையே இல்லை. மிட்வே திட்டம் டூலிட்டில் தாக்குதலால்தான் பிறந்தது என்று சொல்வது மிகை. ஏப்ரல் தொடக்கத்திலேயே தலைமையகம் அரைமனதாக இறங்கிவந்துவிட்டது. ஆனால் 18ஆம் தேதிக்குப் பிறகு எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் இல்லை. சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் நகரத்தின் மீதே எதிரி பறந்துவிட்டானே! தரைப்படையும் இப்போது ஆள் அனுப்ப முன்வந்தது.

இதில் இந்தியப் பெருங்கடலுக்கும் பங்குண்டு. அதே மாதம் 5ஆம் தேதி கொழும்பையும் 9ஆம் தேதி திரிகோணமலையையும் தாக்கியது அட்மிரல் நகுமோவின் கப்பற்படை. 6ஆம் தேதி இன்னொரு ஜப்பானியப் படையின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னையில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினார்கள். நகுமோ ஊர் திரும்பும் வழியில் தைவான் அருகே வந்தபோதுதான், ஹார்னெட்டைத் துரத்தும்படி உத்தரவு வந்தது. பிடிக்க முடியவில்லை. கொழும்பைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளில் அககி, சோர்யு, ஹிர்யு மூன்றும், கூடவே ககாவும் ஜூனில் மிட்வேயில் மூழ்கின. ஜப்பானிய ரகசியக் குறியீட்டை உடைத்திருந்த அமெரிக்கர்கள் அங்கே காத்திருந்தார்கள்.

அமெரிக்காவுக்கும் நஷ்டக் கணக்கு உண்டு. டோக்கியோ பயணத்தால் ஹார்னெட்டும் என்டர்பிரைஸும் மே மாதப் பவளக் கடல் போருக்குப் போய்ச்சேர முடியவில்லை. அங்கே லெக்சிங்டன் பறிபோனது. நான்கு கப்பல்களும் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

சீனாவில் நடந்ததோ கோரம். விமானிகளை ஒளித்துவைத்து, சோறு போட்டு, பத்திரமாக வழியனுப்பிய கிராமங்களை ஜப்பானியப் படை தேடிப்பிடித்து எரித்தது. மே மாதம் தொடங்கிய செஜியாங்-ஜியாங்ஸி படையெடுப்பின் நோக்கம், அந்த விமான தளங்களை அழிப்பது. பின்வாங்கும்போது காலரா, டைஃபாய்டு கிருமிகளைப் பரப்பிவிட்டும் போனார்கள். கொல்லப்பட்ட குடிமக்கள் 2,50,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இப்படி நடக்கும் என்று முன்பே அஞ்சிய சியாங் கை-ஷெக்கிடம் முழுத் திட்டத்தை அமெரிக்கா கடைசிவரை சொல்லவில்லை.

எல்லா விமானங்களையும் இழந்த டூலிட்டில், தனக்கு ராணுவ விசாரணைதான் காத்திருக்கிறது என்று நினைத்தார். கிடைத்தது நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கமும் பிரிகேடியர் ஜெனரல் பதவியும். விமானங்கள் எங்கிருந்து வந்தன என்று நிருபர்கள் கேட்டபோது, ஒரு நாவலில் வரும் கற்பனை ஊரான "ஷாங்ரி-லா" என்று சொல்லிச் சிரித்தார் ரூஸ்வெல்ட்.

அந்த 80 பேரில் கடைசியாக உயிரோடிருந்தவர், டூலிட்டிலின் துணை விமானி ரிச்சர்ட் கோல். 2019இல் 103 வயதில் இறந்தார். அன்றிரவு அவர் குதித்தபோது, பாராசூட் சீன மலைக்காட்டில் ஒரு பைன் மரத்தில் சிக்கிக்கொண்டது. விடியும்வரை மரத்திலேயே இருந்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் இறங்கி, திசைகாட்டியைப் பார்த்து மேற்கு நோக்கி நடந்தார்.