தண்ணீர் நுழையாத படகு

திருவனந்தபுரம் மாவட்டத்தில் மீனவ ஊர்கள் பல. வடக்கே அஞ்சுதெங்கு. தெற்கே பூவாறு. இடையே வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம். பல ஊர்களில் துறைமுகம் கிடையாது. அலையைத் தாண்டித்தான் கடலுக்குள் போக வேண்டும். மணலில் இழுத்துத்தான் படகைக் கரை ஏற்ற வேண்டும்.

இதற்கு ஏற்ற கலம் கட்டுமரம். சில மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் கட்டுவார்கள். தண்ணீர் உள்ளே வரும். அப்படியே வழிந்து போகும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்ப்பார்கள். மரத்தைக் காய வைப்பார்கள். மரம் காய்ந்தால் மறுநாள் நன்றாக மிதக்கும்.

காலப்போக்கில் பருத்த மரங்கள் குறைந்தன. விலையும் ஏறியது. அப்போது பிளைவுட் படகு வந்தது.

பிளைவுட் படகு வந்த கதை

குமரி மாவட்டம் முட்டத்தில் ஒரு படகு கட்டும் மையம் இருந்தது. பொறியாளர் பியர் ஜிலே அங்கே பணி செய்தார். சிறிய மீனவர்களுக்கு ஏற்ற படகுகளை அந்த மையம் உருவாக்கியது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் இந்தப் படகுகளைக் கட்டியது. இதன் தலைமை அலுவலகம் திருவனந்தபுரத்தில் உள்ளது. 1980களில் இந்தக் கரையில் பிளைவுட் படகுகள் பெருகின.

படகை எப்படிக் கட்டுகிறார்கள்? முதலில் பிளைவுட் பலகையை அளந்து அறுக்கிறார்கள். பலகைகளின் ஓரத்தில் சிறு துளைகள் போடுகிறார்கள். கம்பியால் துணி தைப்பது போலத் தைக்கிறார்கள். பிறகு தையலின் மேல் ரெசின் என்ற பசையையும், கண்ணாடி இழையையும் வைத்து ஒட்டுகிறார்கள். படகுக்கு உருவம் வந்துவிடுகிறது.

ஆனால் வேலை முடியவில்லை. இனிமேல்தான் முக்கியமான வேலை. படகுக்கு ஒரு தோல் போர்த்த வேண்டும்.

தோல் எதற்கு?

பிளைவுட் என்பது மரத்தின் மெல்லிய தகடுகளை அடுக்கி ஒட்டிய பலகை. அதன் ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் தகடுகள் பிரியும். மரம் உளுத்துப் போகும். வெளியே பார்த்தால் படகு நன்றாகவே இருக்கும். உள்ளே பலம் இருக்காது. நடுக்கடலில் பெரிய அலை அடித்தால் பலகை விட்டுவிடும். கடன் வாங்கிக் கட்டிய படகும் போகும். உயிருக்கும் ஆபத்து.

அதனால்தான் படகின் மேல் பைபர் போர்த்துகிறார்கள். கண்ணாடி இழைகளால் ஆன பாயை விரித்து, ரெசின் பூசுகிறார்கள். அது காய்ந்து கெட்டியான தோலாகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிலர் வீட்டிலேயே சிறு ஓடம் கட்டுகிறார்கள். செடார் என்ற லேசான மரத்தை மெல்லிய பட்டைகளாக அறுத்து ஒட்டுகிறார்கள். அந்த ஓடத்திற்கும் இதே கண்ணாடி இழைத் தோல்தான்.

தோல் போர்த்தும் முறை

முதலில் பலகையைப் பார்த்து வாங்க வேண்டும். கடலுக்கு ஏற்ற பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கும். சாதாரண பிளைவுட் விலை குறைவு. ஆனால் அது கடல் தண்ணீருக்குத் தாங்காது.

அடுத்து, மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் ரெசின் பிடிக்காது. மழை நாளில் இந்த வேலை கூடாது.

பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். கூரான முனைகளை உருட்டிவிட வேண்டும். ஏன்? கூரான முனையில் கண்ணாடி இழை படியாது. இடையில் காற்று தங்கிவிடும். அந்த இடம்தான் முதலில் உடையும்.

இப்போது தூசியைத் துடைத்து, ஒரு பூச்சு ரெசின் பூச வேண்டும். மரம் அதைக் குடிக்கும். அதன் மேல் பாயை விரித்து மீண்டும் ரெசின் பூச வேண்டும். உருளையால் அழுத்தி உருட்ட வேண்டும். ரெசின் நன்றாக ஊறினால் பாயின் வெள்ளை நிறம் மறையும். எங்காவது வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது, அல்லது ரெசின் போதவில்லை.

படகின் அடிப்பாகம் தினமும் மணலில் உரசும். அங்கே கூடுதலாக ஓர் அடுக்கு தேவை.

ஆணி, திருகு போடும் ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். துளையின் உட்பக்கத்திலும் ரெசின் பூசி அடைக்க வேண்டும். கடைசியாகப் பெயின்ட். பெயின்ட் அழகுக்கு மட்டும் அல்ல. வெயில் பட்டுப் பட்டு ரெசின் கெடும். பெயின்ட் அதைத் தடுக்கும். பளிச்சென்ற நிறம் என்றால், கடலில் தூரத்திலிருந்தும் படகு தெரியும்.

கவனம் தேவை

ரெசின் தானாகச் சீக்கிரம் கெட்டியாகாது. அதில் இரண்டு திரவங்களைச் சேர்க்கிறார்கள். ஒன்று ஆக்சிலரேட்டர். மற்றொன்று கேட்டலிஸ்ட்.

இந்த இரண்டையும் நேராக ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது. கலந்தால் வெடிக்கும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். பூசப் போகும் நேரத்தில்தான் கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். இரண்டு புட்டிகளையும் தனித்தனி இடத்தில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கரண்டியும் கூடாது.

எவ்வளவு சேர்ப்பது? டின்னில் எழுதியிருக்கும். அதைப் படித்து, அதன்படி அளந்து ஊற்ற வேண்டும். கைக்கணக்கு உதவாது. அதிகமானால் ரெசின் சூடாகி வெடிப்பு விழும். குறைந்தால் காயாது. நடுப்பகல் வெயிலில் ரெசின் வேகமாக இறுகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது நல்லது.

ரெசின் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி கூடாது. அடுப்பு கூடாது. காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். மீதியான ரெசின் டின்னுக்குள் சூடேறிப் புகையும். அதை ஓலைக் குடிசையின் அருகே வைக்கக் கூடாது.

காய்ந்த பைபரைத் தேய்க்கும்போது கண்ணாடித் தூசி பறக்கும். மூக்கை மூடும் முகமூடி வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். முழுக்கைச் சட்டை போட வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே நல்ல தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறு பிள்ளைகள் கிட்டே வரக் கூடாது.

பிறகும் பராமரிப்பு

மரத்தை அதிகம் கெடுப்பது கடல் தண்ணீரா, மழைத் தண்ணீரா? பலரும் கடல் தண்ணீர் என்பார்கள். உண்மை அது அல்ல. மரத்தை உளுக்கச் செய்வது ஒரு வகைப் பூஞ்சணம். உப்பில் அது எளிதில் வளராது. மழைத் தண்ணீரில் நன்றாக வளரும். எனவே மழைக்காலத்தில் கரையில் நிற்கும் படகில் தண்ணீர் தேங்கக் கூடாது. படகைக் கவிழ்த்து வைக்கலாம். அல்லது, காற்று போகும்படி மூடி வைக்கலாம். உட்பக்கத்திற்கும் பூச்சு வேண்டும்.

அவ்வப்போது படகைத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடத்தில் 'டக்' என்று கெட்டியான ஓசை வரும். தோல் விட்டுப்போன இடத்தில் ஓசை வேறுபடும், பொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் தோலை எடுத்துவிட வேண்டும். மரத்தை நன்றாகக் காய வைக்க வேண்டும். உளுத்த மரத்தை வெட்டி மாற்ற வேண்டும். பிறகு, ஓட்டையைவிடப் பெரிதாகப் பாயை வெட்டி ஒட்ட வேண்டும். ஈரத்தோடு மூடினால், தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகும்.

இன்று கரையில் முழுக்க பைபரால் ஆன படகுகளும் நிறைய உண்டு. அவற்றிலும் வெடிப்பு விழும். அவற்றுக்கும் ஒட்டுப் போட வேண்டும். அளவும் பாதுகாப்பும் அங்கேயும் இவைதான். சிறு வெடிப்பு என்றால் ஒரு நாள் வேலை. அன்றே பார்த்தால் செலவு குறைவு. தள்ளிப்போட்டால் பலகையே போகும்.